சிங்கைத் தீவில் சமயமும் தமிழும்: ஒரு திறனாய்வு

சிங்கப்பூரைப் பற்றித் தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளையும் மலர்க் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். எழுதுவோர் யாராயினும், சமயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எல்லாருடைய எழுதுகோலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஒரே தெருவில் பள்ளிவாசல் இருக்கிறது. அதனை அடுத்துக் கோயில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் சீனர் ஆலயம் இருக்கிறது. கண்டோம், களித்தோம், வியந்தோம் என்று கட்டுரை முடிந்துவிடுகிறது. மினாராக்களையும் கோபுரங்களையும் எண்ணிக் காட்டுவதே சமய நல்லிணக்கத்தை விளக்குவதாகும் என்னும் எண்ணம் நம் எழுத்தாளரிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது.

அக்கட்டடங்களை எழுப்பியோர் எவ்வாறு வாழ்ந்தனர்? அண்டையாரின் வழிபாட்டை எந்தக் கண்ணோடு நோக்கினர்? எப்போது இணைந்தனர், எப்போது பிணங்கினர்? இவற்றைக் கேளாத எழுத்து, சுற்றுலாத் துறையின் விளம்பரத் தாளுக்கு வேண்டுமானால் பொருந்தும், இலக்கியத்திற்குப் பொருந்தாது. எனவே, அத்தீவில் தமிழ் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற கட்டடங்கள் சிலவற்றையும், நூல்கள், இதழ்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, சமயப் பன்மையைப் பற்றி அவை உண்மையில் யாது கூறுகின்றன என ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

கணக்கு முழுவதும் தேவையற்றது என்பது நம் கருத்தன்று. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர் வாசிகளில் பௌத்தர் 31.1 விழுக்காடு, கிறித்தவர் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோ சமயத்தார் 8.8, இந்துக்கள் 5.0. எச்சமயத்தையும் சாராதோர் 20 விழுக்காட்டினர். எந்தச் சமயமும் பாதியைத் தொடவில்லை. உலகிலேயே சமயப் பன்மை மிகுந்த நாடு சிங்கப்பூரே எனப் பியூ ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை குறித்தது. ஆயினும், அங்கு எத்தனை சமயங்கள் உள என்பதை மட்டுமே எண்கள் சொல்லும். அவை எப்படி உள என்பதை அறிய வேறு சான்றுகளை நாட வேண்டும்.

கடற்கரைத் தெருவின் பாடம்

தெலுக் ஆயர் என்னும் தெரு இன்று நகரின் நடுவே உயர்ந்த மாளிகைகளுக்கிடையே கிடக்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன்பு அதுவே கரையோரத் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரக்கலங்களும் சீனத்திலிருந்து வந்த கப்பல்களும் அங்கேதான் ஆட்களை இறக்கின. அத்தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே, 'சூலியா' என அழைக்கப்பட்ட நம் மக்கள் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாகத் தர்கா ஒன்றை எழுப்பினர். ஆண்டகை அவர்கள் அடங்கியிருப்பது நாகூரில். சிங்கையில் உள்ளது நினைவிடமே. அதனையடுத்து, 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடிக்கப்பட்டது சீனரின் தியான் ஹொக் கெங் ஆலயம். அதற்கும் அப்பால் நிற்பது அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் அது ஓலைக் குடிசையாக இருந்தமையால் 'குச்சுப் பள்ளி' என்றே வழங்கலாயிற்று.

பயணக் கட்டுரையாளர் இம்மூன்றையும் வரிசையாகச் சொல்லி, "என்னே ஒற்றுமை!" என வியந்து நின்றுவிடுவார். நாம் கேட்க வேண்டியது, இம்மூன்றும் ஏன் இத்தெருவில் எழுந்தன என்பதே. சீன ஆலயத்தின் தெய்வமாகிய மாட்சோ, கடற்பயணிகளைக் காக்கும் தாயெனச் சீன மக்கள் போற்றுவது. நாகூர் ஆண்டகை அவர்களின் பெயரோ நம் மாலுமிகள் புயலிலும் இருளிலும் நினைந்து வந்த பெயர். கடலைக் கடந்து கரையேறிய மனிதன் தரையில் கால் வைத்ததும் முதலில் தேடுவது நன்றி சொல்ல ஓர் இடம். அந்த நன்றியுணர்வு எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. நன்றி செலுத்திய முறைகள் வேறாயிருந்தன. சமயங்கள் எல்லாம் ஒன்றே என்று எவரும் அங்கே கூறவில்லை. அவரவர் முறையில் அவரவர் நின்றனர். அச்சமும் ஆறுதலும் ஒன்றாயிருந்தமையால், பக்கத்து வாசலில் நின்றவனின் கண்ணீர் இவனுக்குப் புரிந்தது.

தெற்குப் பாலச் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசல் இதனினும் நுட்பமான பாடத்தைக் கற்பிக்கிறது. 1826இல் தோன்றிய அப்பள்ளியின் பக்கத்திலேயே, 1827இல் நாராயண பிள்ளை அமைத்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. பள்ளியையொட்டிய தெருவுக்குப் 'பள்ளிவாசல் தெரு' எனப் பொருள்படும் பெயரும், கோயிலையொட்டிய தெருவுக்குக் கோபுரத்தைக் குறிக்கும் 'பகோடா' என்னும் பெயரும் இன்றளவும் வழங்குகின்றன. இரண்டு எண்கோண மினாராக்களோடு விளங்கும் ஜாமிஆவின் முகப்பு சாலையை நேராக நோக்கி நிற்கிறது. உள்ளே தொழுகைக் கூடமோ சாலையின் போக்குக்கு இணங்காமல், கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. வாசலை ஊருக்கு நேராகவும் தொழுமிடத்தை கஃபாவுக்கு நேராகவும் வைத்த அந்தப் பழைய கட்டட வேலையாள், பன்மைச் சமூகத்தில் ஒரு முஸ்லிம் எவ்வாறு வாழவேண்டும் என்பதைச் சுண்ணாம்பாலும் கல்லாலும் எழுதி வைத்துவிட்டான் என்றே சொல்லத் தோன்றுகிறது. கிப்லாவைச் சாலைக்காகத் திருப்ப வேண்டியதில்லை. வாசலைச் சாலைக்கு எதிராக அடைக்க வேண்டியதுமில்லை.

இரண்டு வேண்டுதல் நூல்கள்

கட்டடத்தை விட்டு நூலுக்கு வருவோம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் 1887ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிங்கைநகர் அந்தாதி'யோடு தொடங்குவதாகவே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அதற்கும் 15 ஆண்டுகள் முன்னரே, 1872இல், நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' அங்கு அச்சேறியிருந்தது என்னும் செய்தி பின்னரே பரவலாக அறியப்பட்டது. இத்தகைய தாமதத்திற்கு நூல் கிடைக்காமை மட்டும் காரணமாகாது. முனாஜாத்து என்னும் வகையையே இலக்கியமாகக் கருதத் தயங்கும் மனப்பான்மையும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

முனாஜாத்து என்பது அடியான் இறைவனிடம் தனித்து நின்று உள்ளம் உருகி முறையிடும் பாட்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் போன்று முஸ்லிம் புலவர் தமிழுக்கு அளித்த புதிய வகைகளுள் அதுவும் ஒன்று. காப்பியத்தை அளக்கும் கோலால் அதனை அளந்தால் அது சிறியதாகத்தான் தோன்றும். அறபுச் சொற்கள் விரவியிருப்பதால் தமிழறிஞர் சிலர்க்கு அது கசந்தது. எளிய மக்கள் பாடுவது என்பதால் நம்மவருள் கற்றோர் சிலர்க்கும் அது பொருட்டாகத் தோன்றவில்லை. இருசாராரும் ஒன்றை மறந்தனர். ஒரு வகைப் பாட்டின் தரத்தை அது செய்யவந்த வேலையைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். இல்லங்களில் பெண்டிர் குரலெடுத்துப் பாடவும், ஊரைப் பிரிந்தவன் உள்ளந் தேறவும் பிறந்த பாட்டு அது. அந்த வேலையை அது செவ்வனே செய்தது. செய்தமையாலேயே கடல் கடந்தும் அச்சிட ஆளிருந்தது.

இனி, 1887ஆம் ஆண்டு நூலைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வண்ணைநகரைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் என்னும் சைவப் புலவர் இயற்றியது அது. வண்ணையந்தாதி, வண்ணைநகர் ஊஞ்சல், சிங்கைநகர் அந்தாதி, சித்திரகவிகள் ஆகியவை ஒரே நூலாகச் சேர்த்து அச்சிடப்பட்டன. சிங்கைநகர் அந்தாதி அந்நகரில் கோயில் கொண்ட முருகனைப் பாடுவது. நூலின் அமைப்பே சிந்தனைக்குரியது. பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் ஒரே கட்டுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் முதலாகும் அந்தாதி யாப்பு, ஓர் ஊரில் விட்டதை மற்றோர் ஊரில் தொடரும் புலம்பெயர்ந்தோர் வாழ்வுக்கு எத்துணைப் பொருத்தமானது!

இந்நூலைப் பதிப்பித்தவர் யார்? சி. கு. மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம். அச்சிட்டது அவருடைய தீனோதய ஏந்திரசாலை. ஏந்திரம் என்பது யந்திரமே. தீன் என்பது அறபுச் சொல். உதயம் என்பது வடசொல். இரண்டையும் வடமொழிப் புணர்ச்சியின் சாயலில் இணைத்து, 'ஏந்திரசாலை' என்னும் தமிழ் வழக்கையும் சேர்த்து, 'மார்க்கத்தின் விடியல்' எனப் பொருள்படும் பெயரைத் தம் அச்சகத்திற்குச் சூட்டினார் அவர். அப்பெயர் தாங்கிய கூடத்திலே முருகனைப் பாடும் அந்தாதி அச்சாயிற்று.

இச்செய்தியை மிகைப்படுத்தவும் கூடாது; குறைக்கவும் கூடாது. அச்சகம் ஒரு தொழில். கூலி கிடைத்தால் எதையும் அச்சிடுவர். இதில் வியப்பென்ன எனக் கேட்போர் உளர். ஆம், தொழிலும் இதில் உண்டு. ஆயினும், அந்தாதியிலும் அதனினும் மேலாகச் சித்திரகவியிலும் ஓர் எழுத்துப் பிழைத்தால் பாட்டே பாழ். தம் வழிபாட்டுப் பாடலை வேற்றுச் சமயத்தாரின் அச்சுக் கோப்போர் கையில் ஒப்படைக்கப் புலவர்க்கு நம்பிக்கை இருந்தது. அதனைத் தம் பெயரிட்டு வெளியிடப் பதிப்பாளர்க்குத் தயக்கமில்லாதிருந்தது. விருந்து மேடையில் பேசப்படும் நல்லிணக்கத்தைவிட, பிழை திருத்தும் மேசையில் நிகழ்ந்த இந்த நல்லிணக்கம் உறுதியானது என்போம். இதனால் சாயபுவின் தீன் தேய்ந்துவிடவில்லை. தம் அச்சகத்தின் பெயரிலேயே அதனை அவர் ஏந்தியிருந்தார்.

அதே 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் பொன்விழாவையொட்டி, 'சிங்கை நேசன்' என்னும் வார இதழையும் அவர் தொடங்கினார். 1890 வரை அது நடந்தது. அதில் 1888இல் வெளிவந்த 'விநோத சம்பாஷணை' தமிழ்ச் சிறுகதையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக ஆராய்ச்சியாளரால் பேசப்படுகிறது. இதழின் பெயரை நோக்குக. மார்க்கத்தின் பெயரை அச்சகத்திற்கு வைத்தவர், ஊரின் பெயரை இதழுக்கு வைத்தார். 'நேசன்' என்பதால் தம் வாசகர் இன்னார் என வேலியிடாமல், ஊரார் அனைவர்க்கும் நண்பனாக நிற்க எண்ணினார் என்பது தெளிவு. நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இவர்க்குக் கிடைக்கும் இடம் என்ன? இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் அந்தாதியைச் சேர்ப்பதில்லை. அது சைவ நூல். சைவ இலக்கியம் பேசுவோர்க்கு அச்சகத்தாரின் பெயர் அடிக்குறிப்புக்கும் எட்டுவதில்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்து எழுதும் வரலாற்றில், பெட்டிகளுக்கு நடுவே நின்றவர்களே முதலில் தொலைந்து போகின்றனர்.

எழுதத் தயங்கும் பக்கம்

இதுகாறும் சொன்னது இனிய பக்கம். இதனோடு நிறுத்தினால் நாமும் புகழுரைக் கட்டுரையே எழுதியவராவோம்.

அந்தாதி அச்சேறி 63 ஆண்டுகள் கழிந்தபின், 1950 டிசம்பர் 11ஆம் நாள், அதே நகரில் கலவரம் மூண்டது. டச்சுக் குடும்பமொன்றில் பிறந்து, போர்க்காலத்தில் அமீனா என்னும் முஸ்லிம் தாயிடம் வளர்ந்து, நத்ரா என்னும் பெயரோடு முஸ்லிமாக வாழ்ந்த சிறுமியைப் பெற்றோரிடமே ஒப்படைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளைக் கன்னிமாடத்தில் தங்க வைத்ததும், அங்கு எடுத்த படங்கள் நாளேடுகளில் வெளிவந்ததும் முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. கலவரத்தில் 18 உயிர்கள் மாண்டன; 173 பேர் காயமுற்றனர். அந்நாளையத் தமிழ் முஸ்லிம் இதழாளருள் முன்னணியில் நின்ற கரீம் கனி அவர்களே நத்ராவுக்காக அமைந்த செயற்குழுவின் தலைமையில் இருந்தார்; பின்னர்க் காவலிலும் வைக்கப்பட்டார்.

வளர்த்த தாயின் கண்ணீர் மெய்யானது. அயலார் ஆட்சியின் நீதிமன்றம் நம் திருமணச் சட்டத்தையும் மார்க்க உணர்வையும் பொருட்படுத்தவில்லை என்ற மனக்குறையும் மெய்யானது. நீதி கேட்டு எழுதுவது இதழாளனின் கடமை. ஆனால், அச்சில் ஏறிய சொல் எழுதியவன் கையைவிட்டு நீங்கிவிடுகிறது. அது யார் கையில் விழும், அவன் எந்த மனநிலையில் படிப்பான் என்பது எழுதியவன் வசத்தில் இல்லை. ஒரு படம், ஒரு தலைப்பு, அடைமொழி ஒன்று போதும். அநீதியை எதிர்த்த எழுத்து அப்பாவியைத் தாக்கும் கல்லாக மாறிவிடும். அன்று தெருவில் அடிபட்டோருள் பலர்க்கு அவ்வழக்கோடு எத்தொடர்பும் இல்லை. வெள்ளையராகவும் கலப்பினத்தவராகவும் இருந்ததே அவர்கள் செய்த குற்றம். அச்சு என்னும் அதே கருவி 1887இல் செய்ததையும் 1950இல் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு நம் திறனாய்வாளர்க்கு வரவேண்டும்.

1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் நிகழ்ந்தது நமக்கு இன்னும் வேதனை தருவது. அன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலம். அரசியல் பூசல்களால் மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே முன்னமே புகைந்துகொண்டிருந்த பகை, ஊர்வலத்தின்போது தீப்பற்றியது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். அண்டை வீட்டானுக்குத் தீங்கிழைக்காமையை ஈமானின் அடையாளமாகப் போதித்த நாயகத்தின் பெயரால் கூடிய நாள், அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சிக் கதவடைத்த நாளாயிற்று. அரசியல் காரணங்களை ஆராய்வது வரலாற்றாசிரியர் பணி. மீலாது மலர்களில் நல்லிணக்கம் பற்றி எழுதுவோர் இந்நாளைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது ஏன் என்று கேட்பது நம் பணி. நோயை மறைத்து உடல்நலத்தைப் பாடுவதால் யார்க்கு என்ன பயன்?

சட்டத்தின் கை எட்டும் தொலைவு

சிங்கப்பூர் இந்நாளை மறைக்கவில்லை. ஜூலை 21ஆம் நாளையே இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகளில் நினைவுகூர்கிறது. 1949லேயே, மௌலானா அப்துல் அலீம் சித்தீகி அவர்களின் தூண்டுதலால் பல சமயத்தாரும் சேர்ந்த சமயங்களுக்கிடையிலான அமைப்பு அங்கு தோன்றியிருந்தது. 1966இல் இயற்றிய சட்டத்தின்படி முஸ்லிம்களின் காரியங்களைக் கவனிக்க இஸ்லாமிய சமய மன்றம் 1968இல் அமைந்தது. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி ஏற்பட்டது. முஸ்லிம் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அளித்த சிறு தொகைகள் சேர்ந்து, 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளியாக எழுந்தன. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2019இல் அது திருத்தப்பட்டது. சமயங்களிடையே பகையைத் தூண்டும் பேச்சைத் தடுக்கும் ஆணையிட அது அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

இவற்றால் அமைதி நிலைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அடிபட்டுச் சாவதைவிட அடக்கத்தோடு வாழ்வது மேல் என்பதும் உண்மையே. எனினும், தவறாகப் பேசாதே எனத் தடுக்கும் ஆற்றல் சட்டத்திற்கு உண்டு. அண்டையானை அறிந்துகொள் என ஏவும் ஆற்றல் அதற்கு இல்லை. அஞ்சி அடங்கியிருப்பவன் அண்டையானைப் பற்றிப் பேசாமலே காலங்கழித்துவிடலாம். அத்தகைய மௌனம் இணக்கம் போலத் தோன்றும். உள்ளே அறியாமை அப்படியே இருக்கும். மனித குலம் பல இனங்களாக ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அறிதல் என்பது சகித்தலினும் ஒரு படி மேலானது. அந்தப் படியை ஏற்றுவிக்க வல்லது இலக்கியம். ஆகவேதான் அத்தீவின் எழுத்து வெறும் புகழுரையாகத் தாழ்ந்துவிடக் கூடாது என வலியுறுத்துகிறோம்.

உமறுவின் பெயர்

இவ்வாறு அறியச் செய்யும் ஆற்றல் தமிழுக்கு அங்கே இருந்திருக்கிறது; இன்றும் இருக்கிறது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் தம் சங்கத்தின் வாயிலாகத் தஞ்சோங் பகாரில் தமிழ்ப் பள்ளி ஒன்றை நிறுவி, அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. மற்றத் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின்னும் நின்ற அது, 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் மறையவில்லை. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் என்னும் பெயரில் அரசே நிலையம் அமைத்தது. இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களுமான தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பெயரின் கீழ் ஒன்றாக அமர்ந்து தமிழ் படிக்கின்றனர்.

நாயகத்தின் வரலாற்றைப் பாட, கம்பன் வழிவந்த காப்பிய மரபைத் தயக்கமின்றிக் கைக்கொண்டவர் உமறு. தம் பொருளில் அணுவளவும் விட்டுக்கொடாமல், வடிவத்தைப் பொதுச் சொத்தாகக் கண்டவர். ஜாமிஆவின் வாசலும் தொழுகைக் கூடமும் கூறும் பாடமும், தீனோதயம் என்னும் பெயர் கூறும் பாடமும் இதுவே. ஆதலின், பல சமயப் பிள்ளைகள் பயிலும் இடத்திற்கு அவர் பெயர் அமைந்தது மிகப் பொருத்தம்.

இனி நாம் செய்யத்தக்கவை சில உள. முனாஜாத்து, அந்தாதி, லாவணி முதலாக அத்தீவில் அச்சான பழந்தமிழ் நூல்கள் அனைத்தையும், சமயப் பெட்டிகளிற் பிரிக்காமல், ஒரே வரலாறாக எழுத வல்ல ஒருவர் முன்வரல் வேண்டும். 'சிங்கை நேசன்' இதழ்கள் சிங்கப்பூர் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன; அவற்றைப் படித்து ஆராய நம் கல்லூரி மாணவர் முற்படல் வேண்டும். நாகூரிலும் காரைக்காலிலும் கடையநல்லூரிலும் தென்காசியிலும் சபுராளிகளாய்ச் சென்று திரும்பியோரின் இல்லங்களில், பாட்டன்மார் கொண்டுவந்த பழைய பெட்டிகள் இன்னும் இருக்கக்கூடும். செல்லரித்த ஏடு எனக் கருதி அவற்றைக் கழித்துவிடாமல், அட்டையைத் திறந்து, எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்டது என ஒருமுறை பார்க்குமாறு நம் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்கிறோம்.